சுழன்றும் உயிர் பெறாத எஞ்சின்



டீசல் லொறியொன்றின் சாவியைத் திருப்புகின்றோம். ஸ்டார்ட்டர் மோட்டர் உறுமுகின்றது, எஞ்சினும் சுழல்கின்றது, ஆயின் உயிர் பெறவில்லை. மீண்டும் திருப்புகின்றோம், மீண்டும் அதே சுழற்சி, அதே ஏமாற்றம். லொறியை நம்பிப் பிழைப்போருக்கு இதனைவிட மனத்தைச் சோரச் செய்யும் ஓசை வேறில்லை. முற்றாக அடங்கிப்போன வண்டியென்றால் பற்றரி இறங்கிவிட்டது என்று ஒருவாறு தேறலாம். இதுவோ எழுந்து நிற்க முயன்று முயன்று விழுகின்ற நோயாளியைப் போன்றது. இத்தகைய வேளையில் நோயின் மூலத்தை எவ்வாறு தேடுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பாடசாலை அதிபர் ஒருவருக்கு, அதிலும் கலைப்பட்டதாரி ஒருவருக்கு, லொறி எஞ்சினோடு என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். பல ஆண்டுகள் உயர்தர வகுப்பு மாணவர்க்கு அளவையியல் கற்பித்தவன் நான். காரணம், காரியம், அனுமானம், போலி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அவற்றுக்கு ஏற்ற எடுத்துக்காட்டுக்களை ஏடுகளிலே தேடிக் களைத்திருந்த காலத்தில், பாடசாலை மதிலுக்கு அப்பால் இருந்த லொறிக் கராஜிலே அவை குவிந்து கிடப்பதைக் கண்டேன். என் மாணவர் சிலரும் அங்கேதான் இருந்தனர். பாடவேளையிலும் இருந்தனர் என்பது வேறு கதை.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. பெற்றோல் எஞ்சினிலே 'பிளக்' என்னும் சிறு கருவி பொறியை உண்டாக்கி எரிபொருளைப் பற்றச் செய்கின்றது. டீசல் எஞ்சினில் அத்தொழிலைச் செய்வது நெருக்கப்பட்ட வளியின் சூடு. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள், பம்பின் அடிப்பகுதி கையைச் சுடுவதை உணர்ந்திருப்பர். அதே செயல்தான் இங்கும் நிகழ்கின்றது. அளவு மாத்திரம் பெரிது. உருளையினுள் இழுக்கப்பட்ட வளியை, பாடநூல் முசலம் என்றும் கராஜ் பிஸ்டன் என்றும் கூறும் பகுதி மேலெழுந்து, அதன் பருமனில் பதினாறில் அல்லது பதினெட்டில் ஒரு பங்காக நெருக்குகின்றது. அப்போது வளியின் வெப்பநிலை 500 பாகை செல்சியசுக்கு மேலே செல்லும். டீசல் தானாகத் தீப்பற்ற அதனிற் பாதிச் சூடே போதுமானது. அந்தக் கணத்திலே நொசில் வழியாக ஒன்றிரண்டு துளி டீசல் புகார்போலச் சிதறடிக்கப்படுகின்றது, பற்றுகின்றது, பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. எஞ்சின் உயிர் பெற்றுவிட்டது.

இந்த எஞ்சினை உலகுக்கு அளித்த ருடோல்ப் டீசல் என்பார் 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1893இல் ஜெர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரிலே தம் முதலாவது சோதனை எஞ்சினை நிறுவினார். தொழிற்சாலையின் வாரினாலே அது சுழற்றப்பட்டது. ஆயின் தானாக ஓடவில்லை. 1894 பெப்ரவரியில் ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் தன் வலிமையால் ஓடிற்று. பிறருக்குக் காட்டத்தக்க எஞ்சின் உருவானது 1897இலேதான். சுழன்றும் உயிர் பெறாத டீசல் எஞ்சினை முதன்முதலாகப் பார்த்து நின்றவர் அதனை ஆக்கியவரே என்பது நம் லொறிச் சாரதிகளுக்குச் சிறிது ஆறுதல் தரக்கூடும். ரொபேட் பொஷ்ஷின் நிறுவனம் 1927இல் டீசலை அளந்து உந்தும் பம்பைத் தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் எஞ்சின் லொறிகளிலே பரவலாயிற்று. அந்தப் பம்பினுள்ளே இயங்கும் சிறு உலக்கைக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள வெளி மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு மாத்திரமே. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு எனலாம். அதனாலேயே அது விலையுயர்ந்த பொருள். அதனாலேயே, வண்டி எழாதபோது பலரும் முதலிலே பழி சுமத்துவதும் அதன்மீதுதான்.

இனி நோய் நாடுவோம். 'சுழல்கின்றது' என்ற சொல்லையே முதலிற் சோதித்தல் வேண்டும். எவ்வளவு விரைவாகச் சுழல்கின்றது? சோம்பலாக, இழுத்து இழுத்துச் சுழலுமாயின், நெருக்கப்படும் வளியின் சூடு குளிர்ந்த உருளைச் சுவருக்குள் இறங்கிவிடும். வளியிலும் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கசிந்துவிடும். டீசல் சரியாக வந்தும் பற்றாது. பெரிய லொறிகளில் 12 வோல்ற் பற்றரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ற் தருகின்றன. செல்ப் அடிக்கும்போது மானியின் முள் 18 வோல்றுக்குக் கீழே வீழ்ந்தால், எஞ்சினைத் தொடாமற் பற்றரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். முனைகளிற் பூத்திருக்கும் வெள்ளை, பச்சை உப்பைச் சுடுநீரால் கழுவித் துடைத்து இறுக்கியதும் எழுந்த வண்டிகள் பல உண்டு. எஞ்சினிலிருந்து சட்டத்துக்குச் செல்லும் பூமிக் கம்பியையும் மறத்தலாகாது. அடியிலே மறைந்து கிடப்பதால் அதனை எவரும் நினைப்பதில்லை.

இதற்கு மாறாக, எஞ்சின் வழக்கத்தைவிட மிக இலேசாக, தடையே இன்றிச் சுழலுமாயின் உடனே நிறுத்திவிடுங்கள். வால்வுகளை இயக்கும் பட்டியோ சங்கிலியோ அறுந்திருக்கக்கூடும். அந்நிலையில் மேலும் சுழற்றினால் பிஸ்டன் வால்வுகளில் மோதிப் பெருஞ்சேதம் விளையும்.

எஞ்சின் வழக்கமான வேகத்திற் சுழல்கின்றது என்றே கொள்வோம். அப்போது சாரதியின் இருக்கையை விட்டிறங்கிப் புகைபோக்கிக் குழாயின் வாயைப் பார்த்தல் வேண்டும். மற்றொருவர் செல்ப் அடிக்கட்டும்; ஒரு தடவைக்கு அரை நிமிடத்துக்கு மேற்படாமல் அடித்து, இரண்டு நிமிடம் ஓய்வு கொடுத்து அடிக்கட்டும். இல்லையேல் ஸ்டார்ட்டர் மோட்டரும் சூடேறிக் கருகி, ஒரு நோய் இரண்டாகிவிடும்.

புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு நம் தருக்க நூலாருக்கு மிகவும் உவப்பான எடுத்துக்காட்டு. மலையிலே புகை தெரிகின்றது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்று அவர்கள் அனுமானம் செய்வர். டீசல் எஞ்சினிலோ, செல்ப் அடிக்கும்போது குழாயிலிருந்து வரும் வெண்புகை நெருப்பு இல்லாமையையே காட்டுகின்றது! முன்னோரை மறுத்துவிட்டதாகக் கருதவேண்டா. அது புகையே அன்று. சூடான வளியிற் கலந்தும் பற்றாமல் வெளியேறும் டீசலின் ஆவி. மணிமேகலையிலே அறவண அடிகள் போலிகளை விளக்குமிடத்து, ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராதபோதே அதனைப் புகையென்று கொண்டு நெருப்பு உண்டெனத் துணிதல் பிழை என்று எடுத்துக் காட்டுகின்றார். அந்தப் பாடத்தை நடத்திய நாட்களில் என் மாணவர் கண்களிற் காணாத ஒளியை, பின்னர் அதே செய்தியை லொறிக் குழாயின் அருகில் நின்று சொன்னபோது கண்டேன்.

ஆக, குழாயின் வாய் நமக்கு மூன்று வகையாக விடை கூறும். எவ்விதப் புகையும் இல்லை, டீசல் மணமும் இல்லை என்றால், உருளைக்குள் டீசல் வரவில்லை. வெண்புகை வந்தால், டீசல் வருகின்றது, பற்றவில்லை. கரும்புகை வந்தால், டீசல் உண்டு, எரியப் போதிய வளி இல்லை. இந்த மூன்றாவது நிலை அரிது. வளி வடி அடைபட்டிருக்கலாம். நெடுநாள் நின்ற வண்டியாயின் எலி கூடு கட்டியிருக்கலாம். முன்பு வேலை செய்தவர் வளி செல்லும் குழாய்வாயிலே துணியை அடைத்துவிட்டு எடுக்க மறந்திருக்கலாம். வடியைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புகையே இல்லாத நிலைதான் அதிகமாக நேர்வது. அதிகப் பணம் வீணாவதும் இங்கேதான்.

தாங்கியில் டீசல் உண்டா என்று முதலிற் பாருங்கள். சிரிக்காதீர்கள், முள் பொய் சொல்லும். சுத்தமான குச்சியொன்றை விட்டுப் பார்த்தல் நன்று. அடுத்து, எஞ்சினை நிறுத்தும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். பழைய லொறிகளில் நிறுத்துவதற்கு இழுக்கும் கைபிடியொன்று உண்டு. அதன் கம்பி துருப்பிடித்து இழுத்தபடியே நின்றுவிட்டால், அல்லது அதனை மீளச் செய்யும் சுருள்வில் அறுந்துவிட்டால், பம்பு டீசல் தரவே தராது. பின்வந்த லொறிகளில் மின்சாரத்தால் இயங்கும் சிறு அடைப்பான் அவ்வேலையைச் செய்கின்றது. சாவியை முதல் நிலைக்குத் திருப்பும்போது பம்பின் அருகே 'டிக்' என்ற மெல்லோசை கேட்டல் வேண்டும். கேட்கவில்லையெனில் பியூஸைப் பாருங்கள். மிகச் சொற்ப விலையுள்ள பியூஸ் ஒன்று எரிந்ததற்காக எஞ்சினின் தலை கழற்றப்பட்ட கதையை நான் கேட்டதுண்டு.

இவை சரியாக இருப்பின், டீசல் வரும் வழியை நோக்குவோம். தாங்கியிலிருந்து குழாய் வழியாக இழுத்து வருவது ஊட்டற் பம்பு. அது வடியினூடாகப் பெரிய பம்புக்குக் கொடுக்கின்றது. இவ்வழியிலே டீசலுக்குப் பகை மூன்று: அடைப்பு, நீர், வளி. இவற்றுள் மிகவும் மாயமானது வளி.

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டக்காரர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரத்தின் உறிஞ்சு குழாயில் ஊசி முனையளவு வெடிப்பு இருந்தாலும், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது. குழாயைத் தடவிப் பார்த்தால் வெளியே ஒரு துளி நீர்கூடக் கசியாது. உறிஞ்சப்படும் பக்கத்தில் நீர் வெளியே வருவதில்லை. வளியே உள்ளே போகின்றது. லொறியிலும் தாங்கிக்கும் ஊட்டற் பம்புக்கும் இடையே உள்ள குழாயின் நிலை இதுவே. எங்கும் டீசல் சொட்டவில்லை, ஆகவே குழாய் நன்றாக இருக்கின்றது என்று முடிவு செய்வது போலி அனுமானம். உள்ளே புகுந்த வளி பெரிய பம்பை அடைந்ததும், உலக்கை அதனை நெருக்கும், அது சுருங்கும், உலக்கை இறங்க மீண்டும் விரியும். நொசில் திறப்பதற்கு வேண்டிய 200 பார் அளவான அமுக்கம், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3,000 இறாத்தல், பிறக்கவே பிறக்காது. பஞ்சு மெத்தையை உலக்கையால் இடிப்பது போன்றதுதான்.

என் பழைய மாணவர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கின்றேன். ஒரே ஒரு லொறி, அதுவும் தவணைக் கடன் தீராதது. சுன்னாகம் சந்தையில் பீற்றூட்டும் கோவாவும் ஏற்றித் தம்புள்ளைக்குப் புறப்பட்டவர், வழியில் இரவு படுத்துறங்கி விடியற்காலையில் எழுந்து செல்ப் அடித்தார், எஞ்சின் எழவில்லை. முதல்நாள் இரவுவரை குறையொன்றுமின்றி ஓடிய வண்டி அது. வீதியோரக் கராஜிலிருந்து வந்தவர் இரண்டு தடவை சுழற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, பம்பு போய்விட்டது" என்றார். பம்பைக் கழற்றினர், சோதிக்கும் மேசையுள்ள பட்டறை ஒன்றுக்கு அனுப்பினர். ஆறு நாள் சென்றது. வேறு லொறியிலே மாற்றி ஏற்றிய மரக்கறி வாடி வதங்கிக் கேட்ட விலைக்குப் போயிற்று. பம்பு திரும்பி வந்தது. சில வளையங்கள் மாற்றப்பட்டதாகப் பற்றுச்சீட்டுச் சொல்லிற்று. தொகையோ ஒரு மாதத் தவணையை விழுங்கிவிட்டது. பூட்டிச் சுழற்றினார்கள். எஞ்சின் எழவில்லை.

அதன்பின் ஊரிலிருந்து முதியவர் ஒருவர் அழைத்துச் செல்லப்பட்டார். அவர் ஸ்பானரைத் தொடுமுன் கேள்வி கேட்டார். ஓடும்போது நின்றதா, நின்றபின் எழவில்லையா? இதற்கு முன்னும் காலையிலே சிறிது அடம் பிடித்ததுண்டா? கடைசியாக அடியில் வேலை செய்தது எப்போது? இரண்டு கிழமையாகக் காலையில் அதிக நேரம் செல்ப் அடிக்க வேண்டியிருந்தது என்ற செய்தி அப்போதுதான் வெளிவந்தது. அதுவரை அதனை எவரும் கேட்கவில்லை. முதியவர் சுத்தமான கான் ஒன்றில் டீசல் வாங்கிவரச் செய்து, அதனை எஞ்சினுக்கு மேலே கட்டித் தூக்கினார். தாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கானிலிருந்து ஒளி ஊடுருவும் குழாயொன்றை ஊட்டற் பம்புக்கு மாட்டினார். வளியை அகற்றிச் சுழற்றியதும் எஞ்சின் எழுந்தது.

அந்த ஒரு செயலின் அளவையியல் அழகைக் கவனியுங்கள். பம்பு, நொசில், நெருக்கம், நேரம் ஆகிய அனைத்தும் ஒரே நொடியிலே குற்றமற்றவையாயின. குற்றம் தாங்கிக்கும் ஊட்டற் பம்புக்கும் இடையே உள்ள சில முழம் குழாய்க்குள் அடைபட்டுவிட்டது. தேடினார்கள், பிடிவளையத்தின் அடியிலே ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. வண்டி ஓடும்போது உறிஞ்சும் வேகத்தில் சிறிது வளி வந்தாலும் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். இரவு முழுவதும் நிற்கும்போது அந்த வெடிப்பின் வழியே வளி புக, குழாயிலிருந்த டீசல் தாங்கிக்குள் இறங்கிவிடும். காலையில் பம்புக்கு எஞ்சுவது வெறும் வளியே. குழாயின் விலை இருவரின் மதிய உணவுக்கும் காணாது.

பம்பைக் கழற்றியவரை நான் முழுதாகக் குறைகூற மாட்டேன். சுமையோடு நிற்கும் வண்டிக்காரர் அவசரப்படுத்துவார். அதோடு, பாகம் மாற்றினால் பணம் கொடுப்போமேயன்றி, அரைமணி நேரம் யோசித்துக் குறையைக் கண்டுபிடித்ததற்குக் கூலி கேட்டால், "என்ன செய்தீர்கள், ஒரு குழாய்தானே?" என்று கேட்பவர் நாம். அந்த வழக்கத்திலே வளரும் தொழிலாளர், யோசிப்பதை விட்டு மாற்றுவதைக் கற்றுக்கொள்வதில் வியப்பென்ன?

வளியை அகற்றுவதைக் கராஜிலே 'எயர் எடுத்தல்' என்பர். வடியின் தலையிலுள்ள சிறு திருகாணியைத் தளர்த்தி, ஊட்டற் பம்போடு உள்ள கைப்பம்பை அழுத்திக்கொண்டிருத்தல் வேண்டும். முதலில் நுரையும் குமிழுமாக வரும். குமிழ் இன்றித் தெளிந்த டீசல் வரும்வரை அழுத்தி, அழுத்தியபடியே திருகாணியை இறுக்குக. பின்னர் பெரிய பம்பின் திருகாணியிலும் இவ்வாறே செய்க. தாங்கியிலிருந்து எஞ்சினை நோக்கிய வரிசையிலே செல்லவேண்டுமேயன்றி இடையிலே தொடங்கலாகாது. பழைய பம்புள்ள லொறிகளில் இறுதியாக நொசிலுக்குச் செல்லும் குழாய்களின் நட்டுக்களில் இரண்டை அரைச்சுற்றுத் தளர்த்திச் சுழற்றினால், எஞ்சியுள்ள வளியும் வெளியேறும். டீசல் துடித்துத் துடித்து வருவதைக் கண்டதும் இறுக்குக. கைப்பம்பை எவ்வளவு அழுத்தியும் டீசல் வரவில்லையெனில், வடி அடைபட்டிருக்கும். அல்லது தாங்கி மூடியின் மூச்சுத்துளை அடைபட்டிருக்கும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று வளி உள்ளே சென்றால் அதுவே விடை.

2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டின்போது லொறிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாங்கி வற்றும்வரை ஓடிய டீசல் வண்டிக்கு, பின்னர் டீசல் நிரப்பினால் மாத்திரம் போதாது. எயரும் எடுத்தல் வேண்டும். தாங்கியின் அடியிலே நெடுநாள் படிந்திருந்த சேறும் நீரும் அப்போதுதான் வடியை நோக்கிப் புறப்படும் என்பதையும் நினைவிற் கொள்க.

இங்கே ஓர் எச்சரிக்கை; இதனைக் கருத்தோடு கேளுங்கள். நொசிற் குழாயைத் தளர்த்தும் வேலை புதிய 'கொமன் ரெயில்' எஞ்சின்களுக்கு ஆகாது. அவற்றின் அமுக்கம் 1,600 பார், 2,000 பார் என்று செல்வது. பழைய எஞ்சினிலுங்கூடக் கசிவு எங்கே என்று விரலால் தடவித் தேடலாகாது. ஊசித்துளை வழியே பீறிடும் டீசல் தோலைத் துளைத்துத் தசைக்குள் இறங்கும். வெளியே முள் குத்தியது போன்ற சிறு புள்ளியே தெரியும். வலியும் முதலில் அதிகம் இராது. உள்ளேயோ தசை அழியத் தொடங்கிவிடும். மணிக்கணக்கிற் சத்திர சிகிச்சை செய்யாவிடின் விரலை, சிலவேளை கையையே, இழக்க நேரிடும். அத்தகைய காயம் பட்டவர், வலி இல்லையென்று வீட்டுக்குச் செல்லாது, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று, டீசல் அமுக்கத்தோடு உட்புகுந்தது என்று வாய்விட்டுச் சொல்லல் வேண்டும். கசிவைத் தேடுவதற்கு ஒரு கடதாசி அட்டை போதும்.

வெண்புகை வரும் நிலைக்கு வருவோம். டீசல் வருகின்றது, சூடு போதவில்லை, அல்லது நேரம் தவறுகின்றது, அல்லது டீசலே டீசலாக இல்லை. நுவரெலியாவின் தை மாத விடியலிலே முதலாவது காரணம் பெரும்பாலும் குளிரே. ஹீற்றர் பிளக் உள்ள எஞ்சினாயின் அவற்றிலே மின்சாரம் செல்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். வெப்பமான வவுனியாவிலும் அதே வெண்புகை என்றால் உருளையின் நெருக்கத்தை மானி வைத்து அளத்தல் நன்று. நல்ல எஞ்சினில் அது பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 300 முதல் 450 இறாத்தல்வரை இருக்கும். எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடுமாதலால், உருளைகள் தம்முள்ளே ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியமானது. பம்பைக் கழற்றிப் பூட்டிய பின்னரே இந்தப் புகை தொடங்கியது என்றால், பற்சில்லு ஒரு பல் தவறிப் பூட்டப்பட்டிருக்கலாம். டீசலைச் சோதிப்பது எளிது: வடியின் அடியிலிருந்து கண்ணாடிப் போத்தலொன்றிலே பிடித்து அரைமணி நேரம் அசையாது வையுங்கள். நீர் இருப்பின் அடியிலே தனியாக நிற்கும். மண்ணெண்ணெய்க் கலப்பு இவ்வாறு பிடிபடாது. அது வண்டியை உடனே நிறுத்துவதுமில்லை, பம்பை மெல்ல மெல்லத் தின்னும்.

வளிக் குழாயின் வாயிலே எரியும் துணியைப் பிடிப்பதும், 'ஈதர்' என்னும் மருந்தைப் பீச்சுவதும் சிலரின் வழக்கம். எஞ்சின் எழுந்துவிடுவதும் உண்டு. ஹீற்றர் பிளக்கோ வளியைச் சூடாக்கும் கம்பியோ உள்ள எஞ்சினில் ஈதர் வெடித்துக் குழாயைச் சிதறடிக்கும். அவை இல்லாத எஞ்சினிலும் உரிய கணத்துக்கு முன்னரே பற்றி, பிஸ்டனையும் வளையங்களையும் உடைக்கும். நோயைக் காணாமல் நோயாளியை அடித்தெழுப்பும் இம்முறையை நான் அறவே விரும்புவதில்லை.

புதிய லொறிகளைப் பற்றிச் சிறிது. இவற்றிலே நொசிலைத் திறப்பது கணினி. ரெயில் எனப்படும் குழாயில் அமுக்கம் 200 முதல் 300 பார் அளவுக்கு ஏறினாலன்றி அது நொசிலைத் திறக்காது. எஞ்சின் சுழல்வதை அறிவிக்கும் உணரி பழுதானாலும் திறக்காது. பல வண்டிகளிலே செல்ப் அடிக்கும்போது சுழற்சிமானியின் முள் சிறிதும் அசையாவிட்டால் அந்த உணரியை ஐயுறலாம். கணினியைச் சோதிக்கும் கருவியை மாட்டினால் இலக்கமொன்று தோன்றும். அது நீதிபதியின் தீர்ப்பன்று, சாட்சி ஒருவரின் வாக்குமூலமே. 'ரெயில் அமுக்கம் குறைவு' என்று அது கூறினால், பெரிய பம்பு பழுது என்பது அதன் பொருளன்று. அடைபட்ட வடி, வளி புகும் குழாய், டீசலை மீளும் குழாய்க்கு அதிகமாகக் கசியவிடும் நொசில் ஒன்று ஆகிய ஒவ்வொன்றாலும் அதே இலக்கம் தோன்றும். நொசில்களின் மீள்குழாய்களிலே அளவு போத்தல்களை மாட்டிச் சுழற்றினால், மற்றவற்றைவிட விரைவாக நிரம்பும் போத்தல் குற்றவாளியைக் காட்டிவிடும். கருவி புதிது; தேடும் முறை முதியவரின் கானும் குழாயுந்தான்.

லொறியோட்டும் நேயர்கள் இருக்கையின் அடியில் வைத்திருக்கத்தக்கவை சில. ஒளி ஊடுருவும் ரப்பர்க் குழாய் ஒரு மீற்றர், அதற்கேற்ற பிடிவளையங்கள் இரண்டு, மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்று, மாற்று வடி ஒன்று, திருகாணிகளுக்குரிய செப்பு வளையங்கள், வண்டியிலுள்ள அளவுகளில் பியூஸ்கள், தடித்த அட்டைத் துண்டு, எயர் எடுக்கும் திருகாணிக்குப் பொருந்தும் ஸ்பானர். சிறு கொப்பி ஒன்றும் பென்சிலும் இருந்தால் இன்னும் நன்று. எங்கே, எப்போது டீசல் நிரப்பினீர்கள், காலையில் எத்தனை தடவை செல்ப் அடித்தீர்கள் என்று குறித்து வைக்கலாம். இவை யாவும் பிஸ்கற் தகரமொன்றினுள் அடங்கும். கானை மாத்திரம் வெளியே கட்டவேண்டியிருக்கும்.